வரைபடத்தில் இல்லாத அறை

"என் ரூம் எங்கடா போச்சு?"

"அக்கா, மெதுவாப் பேசு. ஆள் உட்கார்ந்திருக்கார்."

"உட்காரட்டும். அவரும் வீடு கட்டினவர்தானே. வீட்டுக்குள்ள ஒரு ரூமே காணாமப் போனா எப்படியிருக்கும்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

"அந்தப் பேப்பரை இப்படிக் குடு."

"எதுக்கு, கிழிக்கவா? கிழி. மேல போய் இன்னும் பத்து அனுப்பறேன். நீ ஒவ்வொண்ணா எடுத்துக் கிழிச்சுக்கிட்டே இரு."

காலை பதினொன்றே காலுக்கு அந்த வீட்டு முன்னறையிலிருந்து வந்த சத்தம் இது. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. எதிர்வீட்டு ஜன்னலுக்கும் அந்த முன்னறைக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்தான். காதைப் பொத்திக்கொள்ளலாம்தான். யார் பொத்திக்கொண்டார்கள்?

அறையில் அப்போது நான்கு பேர். கையில் தாளோடு நின்றவள் அக்கா. முப்பத்தேழு வயது, வரைகிறவள். மாடியைவிட்டு இறங்குவது அபூர்வம் என்பதால் தெருவில் அவளுக்கு 'மேல்மாடி' என்று பெயர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தம்பி. ஒரு நேர்கோடு போடத் தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடும் உரிமம் அவன் பெயரில் இருக்கிறது. அவனுக்குப் பெயர் 'லைசென்ஸ்'. சோபாவில் பேக்கரிக்காரர், தன் புதுக் கடையின் வரைபடத்துக்காக வந்தவர். தரையில் முழங்காலிட்டு, பிரிண்டரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு டோனர்காரர். மாதம் ஒருமுறை வந்து மை நிரப்பித் தருகிறவர். அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் என்ன நடந்தது என்பது தெருவுக்கே மனப்பாடம். லைசென்ஸின் மனைவி, பள்ளிக்கூடத்து டீச்சர், தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "மாடியில எங்களுக்குத் தனி வாசல், தனிப் படி. இல்லேன்னா தனிக்குடித்தனம்" என்று சொல்லிவிட்டாள். மாமனார் சர்வேயர், ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆனவர், மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஒரு வாரம் பொறும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். அக்கா அப்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்பா ஏதோ சமாதானம் பேசுவார் என்று நினைத்திருப்பாள். அப்பா மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது.

*

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் நான்கு. மாடியில் அக்காவுடையது, முன்னறையில் லைசென்ஸுடையது, டீச்சரின் மடிக்கணினி, சாப்பாட்டு அறையில் சர்வேயர் சீட்டு விளையாடும் பழைய பெட்டி. நான்கையும் கம்பி இழுத்து ஒன்றோடொன்று சேர்த்தவள் அக்காதான். மாடிப்படிக் கைப்பிடியோடு ஒட்டி ஓடும் அந்தச் சாம்பல் நிறக் கம்பியை இன்றைக்கும் பார்க்கலாம்.

வரைபடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று தன் கம்ப்யூட்டரில் 'பொது' என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். அதை எல்லோருக்கும் பகிர்ந்தாள். மற்ற மூன்று பேரின் திரையிலும் அதற்கு ஒரு படம் வைத்துக் கொடுத்தாள். மூலையில் குட்டி அம்புக்குறி போட்ட மஞ்சள் ஃபோல்டர். யாரும் எதையும் தேடி அலைய வேண்டாம். படத்தை இரண்டு தட்டுத் தட்டினால் மாடியில் இருப்பது கீழே திறக்கும்.

அன்றைக்கே மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள்.

"இது உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. என்கிட்டதான் இருக்கு. இங்க தெரியறது கதவு மட்டும். நீங்க இதுல எதைப் போட்டாலும் அது என் ரூமுக்குத்தான் வரும். புரிஞ்சுதா?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன, கழுத்து இருந்தால் போதும்.

இன்று காலை பேக்கரிக்காரர் கடைக்கு ஒரு படி தேவைப்பட்டது. பழைய வேலை எதிலாவது நல்ல படி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா 'பொது'வைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'படி' என்று தட்டினாள். ஏழு வரைபடங்கள் வந்தன. ஏழும் அவள் போட்டவை. எட்டாவதாக ஒன்று வந்தது. தேதி, இன்றைய தேதி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அந்த எட்டாவது, 'பொது'வுக்குள்ளே 'பழையவை' என்ற ஃபோல்டருக்குள்ளே 'சொந்தம்' என்று ஒரு புது ஃபோல்டருக்குள் இருந்தது. திறக்கப் போனாள். "இந்த ஃபைலை வேறு ஒருவர் திறந்துவைத்திருக்கிறார், படிக்க மட்டும் திறக்கட்டுமா" என்று கம்ப்யூட்டர் கேட்டது. யார் அந்த ஒருவர் என்று பார்த்தால், 'ஆபீஸ்' என்று போட்டிருந்தது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பயன்படுத்துகிறவர் பெயராக அதுவே வரும்படிதான் அவள் வைத்திருந்தாள். சரி என்று தட்டினாள்.

ஏதோ வாடிக்கையாளர் வீடு என்றுதான் முதலில் நினைத்தாள். கோடெல்லாம் ஒரே தடிமன். கதவுகள் சுவருக்குள் திறந்தன. யாரோ கத்துக்குட்டி போட்டிருக்கிறான் என்று சிரிப்புகூட வந்ததாம். பிறகு, தென்கிழக்கு மூலையில் சுவர் சாய்ந்து போவதைப் பார்த்தாள். இந்தத் தெருவிலேயே அப்படிச் சாய்ந்த சுவர் ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. சமையலறை அளவைப் பார்த்தாள். பத்தரைக்கு எட்டே முக்கால்.

நம் வீடு.

மாடிக்குப் போனாள், அதாவது திரையில் போனாள். தம்பியின் படுக்கையறை இருந்தது. பிள்ளைகளின் அறை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. வடக்கு ஜன்னல் வைத்த அறை இல்லை.

பதினொரு வருடமாக அவள் உட்கார்ந்து வரைகிற அறை அது. நாள் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் வரும் ஒரே அறை. அதன் ஒரு மூலையில் அவள் கட்டில், அவள் துணி, அம்மா விட்டுப்போன கண்ணாடி மேஜை. அந்த இடத்தில் பதினேழு படிகள் போட்டு, நடுவில் அம்புக்குறி வைத்து 'மேலே' என்று எழுதியிருந்தது.

அவள் கீழ்த்தளத்துக்கு வந்து தேடினாள். எங்காவது இருக்குமே. மனிதர்கள் இருக்கிற வீடல்லவா, எங்காவது ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். கூடத்தில், தொலைக்காட்சிக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையில், புள்ளிக்கோட்டில் ஒரு செவ்வகம். ஆறுக்கு இரண்டரை. உள்ளே சின்ன எழுத்தில்: மடக்குக் கட்டில்.

அச்சிடு என்று தட்டிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு ஒரே பிரிண்டர். அதுவும் பகிர்ந்ததுதான், லைசென்ஸின் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. டோனர்காரர் மை நிரப்பி, மூடி, பொத்தானை அழுத்திய நேரம் அது. தாள் வந்தது. தன் வேலையின் பலன் என்று எண்ணிச் சந்தோஷமாக எடுத்துப் பார்த்தார்.

"சார், கறுப்பு நல்லா விழுந்திருக்கு பாருங்க. ஆமா, இது உங்க வீடு மாதிரியே இருக்கே."

லைசென்ஸ் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்த்து, டோனர்காரர் பிரிண்டரின் வயிற்றைத் திரும்பவும் திறந்துவைத்துக்கொண்டாராம். வேலை முடியாதது போல இருந்தால் உட்கார்ந்து கேட்கலாம் அல்லவா. அதற்குள் அக்கா இறங்கி வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். டோனர்காரர் தயவில்தான் நமக்கு இவ்வளவு விவரம்.

*

"நான் வரையலக்கா. சத்தியமா."

"தெரியும். உனக்கு வரையத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குப் பதினொரு வருஷமா மேல உட்கார்ந்திருக்கேன்? வரைஞ்சியான்னு கேக்கல. தெரியுமான்னு கேக்கறேன்."

லைசென்ஸ் பேக்கரிக்காரரைப் பார்த்தான். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"பேச்சு அடிபட்டுது" என்றான்.

"நீ என்ன சொன்னே?"

"நான் சரின்னு சொல்லலக்கா."

"வேண்டாம்னு சொன்னியா?"

"வேண்டாம்னும் சொல்லல."

மதில்மேல் பூனைக்கு உரிமம் கொடுத்தால் இப்படித்தான்.

உள்ளேயிருந்து டீச்சர் வந்தாள். விடுமுறை நாள், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், காதில் சிவப்புப் பேனாவோடு.

"என்ன அண்ணி, என்ன சத்தம்?"

"வாங்க டீச்சரம்மா. நீங்க கெட்டிக்காரிதான். மார்க் போட உங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன், வீட்டை அழிச்சு எழுதவும் தெரியுமா?"

டீச்சர் தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியது பயமா, வெட்கமா என்று சோபாவுக்கும் பிரிண்டருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

"நான் போடலண்ணி. லேப்டாப் மூடியிருக்கு, நீங்களே போய்ப் பாருங்க."

அவள் சொன்னதை நம்பாமல் அக்கா போய்ப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது, மேலே விடைத்தாள் கட்டு. திரும்பி வந்து தம்பியின் திரையைப் பார்த்தாள். பேக்கரி வரைபடம் திறந்திருந்தது.

"இந்த ஃபைலை இப்ப யாரோ திறந்துவெச்சிருக்காங்க" என்றாள் மெதுவாக. "நாலு கம்ப்யூட்டர். ஒண்ணு என்னுது. உங்க ரெண்டு பேருதும் இல்ல."

மிச்சம் எது என்பதைக் கூட்டிக்கழிக்க அந்த அறையில் எவருக்கும் வெகுநேரம் ஆகவில்லை.

"அப்பாவுக்கு மவுஸ் பிடிக்கவே வராதே" என்றாள் அக்கா. கேள்வியாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னாள்.

டீச்சர் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள். "ரெண்டு மாசமா. மத்தியானத்துல, நீங்க மேல இருக்கறப்போ. மாமாதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார்."

ஆறு வருடம் அக்கா கெஞ்சியிருக்கிறாள். "அப்பா, நாற்பது வருஷம் கையால வரைஞ்ச ஆள் நீங்க. இதுல பத்து நாள்ல வந்துடும். என் பக்கத்துல வந்து உட்காருங்க." அவர் ஒவ்வொரு முறையும் விரல்களை விரித்துக் காட்டி, "பேனா பிடிச்ச கை பாப்பா, இது எலியெல்லாம் பிடிக்காது" என்று சிரித்துவிடுவார்.

எலி பிடித்தது. முதலில் மகளின் அறையைத் தின்றது.

*

சர்வேயர் சாப்பாட்டு அறையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, திரைக்கு நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை சத்தமும் அவர் காதில் விழவில்லையா என்று கேட்கலாம். காதுக் கருவியை அவர் வேண்டும்போது போடுவார், வேண்டாதபோது மேஜையில் வைப்பார். அது மேஜையில் இருந்தது.

அக்கா வந்து அவர் முன்னால் தாளை வைத்தாள். கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கருவியைக் காதில் மாட்டியதும் கேட்ட முதல் கேள்வி இது:

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க வெச்சிருந்தீங்க?"

"இதோ, என் டெஸ்க்டாப்ல. என்னோட ஃபோல்டர்ல. 'சொந்தம்'னு பேர்கூடப் போட்டேனே." அம்புக்குறி போட்ட மஞ்சள் படத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தவும் இல்லை, தப்பான குளத்தில் குதித்துவிட்டது, அவ்வளவுதான். தன் திரையில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அது உங்ககிட்ட இல்லப்பா" என்றாள் அக்கா. "என் ரூம்ல இருக்கு. என் கட்டிலுக்குப் பக்கத்துல. ஒரு வாரமா நீங்க என் ரூமை இடிச்சு இடிச்சு என் ரூமுக்குள்ளயே கொண்டுவந்து வெச்சிருக்கீங்க."

சர்வேயர் விரலை எடுத்துக்கொண்டார்.

"உட்காரு பாப்பா."

"நிக்கறேன்."

"அவ தனிப் படி கேக்கறா. இல்லேன்னா அவனைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவா. பிள்ளைங்களும் போயிடும். வீட்டுல அப்பறம் என்ன இருக்கு, சொல்லு."

"பின்பக்கச் சந்து இருக்கு. வெளியிலிருந்து நேரா மாடிக்கு ஏத்தலாம். எந்த ரூமும் போகாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மூணு நாள்ல போட்டுக் குடுத்திருப்பேன்."

"பார்த்தேம்மா. அதைத்தான் முதல்ல பார்த்தேன்." சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க பூந்தொட்டி எல்லாம் இருக்கே. நாற்பது தொட்டி. எங்க கொண்டுபோய் வைக்கறது?"

கதவோரம் நின்றிருந்த டீச்சரே தலை குனிந்துகொண்டாள் என்பது டோனர்காரர் வாக்கு. அவர் எப்போது பிரிண்டரை விட்டு அங்கே வந்தார் என்று நாம் கேட்கவில்லை.

"தொட்டிக்கு இடம் வேணும்" என்றாள் அக்கா.

"நீ அப்படி எடுத்துக்கக் கூடாது பாப்பா. அவன் போயிடுவான்னு பயம் எனக்கு. உன்னைப் பத்தி எனக்கு என்ன பயம்? நீ எங்க போகப் போறே?"

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. மகளின் தலையைத் தடவுகிற குரலில் சொன்னார். இரண்டு வரன்களை வேண்டாம் என்றவள், வெளியூர்ப் பெரிய நிறுவனம் ஒன்று இரண்டு முறை கூப்பிட்டும், அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மறுத்தவள். அந்த மறுப்புகளையெல்லாம் அவர் பத்திரமாகச் சேர்த்துவைத்து, அதன்மேல் படி கட்டப் பார்த்திருக்கிறார்.

அக்கா அழவில்லை. குனிந்து திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், தொழில்காரி பார்க்கிற பார்வை.

"ஒன்பதாவது படிக்கு மேல பீம் வருது" என்றாள். "தலை இடிக்கும்."

"அளந்துதானே போட்டேன்."

"இடிக்கும்பா."

மாடிக்குப் போய்விட்டாள்.

*

பிறகு மூன்றரை மணி நேரம் மாடியில் என்ன நடந்தது என்பதை டீச்சர் ஒருத்திதான் பார்த்தாள். தேநீர் எடுத்துக்கொண்டு போனாள், பாவம். போகாமலும் இருக்க முடியாது, போனால் என்ன பேசுவது என்றும் தெரியாது.

அறையில் பெட்டி திறந்திருந்தது. பாதித் துணி உள்ளே. திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. 'பொது' முழுவதும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் கேட்டது படி. உங்க ரூமைக் கேக்கல."

"படி எங்க வரும்னு நெனச்சே?"

"மாமா இடம் பார்த்துக்கறேன்னார். நான் கேக்கல."

"நீயும் கேக்கல. அவனும் வேண்டாம்னு சொல்லல." அக்கா கண்ணாடி மேஜையிலிருந்த பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டாள். "நீ படத்தைப் பார்த்தியா, இதுக்கு முன்னாடி?"

டீச்சர் தேநீர் டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மடக்குக் கட்டில்னு எழுதியிருக்கே. அப்பா கையெழுத்துல எழுதினா மடக்குக்கு 'க்' விட்டுடுவார். அவருக்கு எப்பவும் அது விட்டுப்போகும். இதுல சரியா இருக்கு."

டீச்சரின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "அவர் கட்டில்னு மட்டும் போட்டிருந்தார்" என்றாள் கடைசியில். "இடம் பத்தலைன்னு நான்தான்..."

"இடம் பத்தாதுதான்" என்றாள் அக்கா. "கணக்கு சரி. தேநீரை வெச்சுட்டுப் போ."

*

மூன்றே முக்காலுக்கு, முன்னறையில் லைசென்ஸ், சாப்பிடப் போய்த் திரும்பி வந்திருந்த பேக்கரிக்காரருக்கு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். படி சேர்த்த வரைபடம் அவருக்கு அன்றே வேண்டும், மறுநாள் காலை அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பப் பார்த்தான். திரை உறைந்து நின்றது. மூடிவிட்டு மஞ்சள் படத்தை இரண்டு தட்டுத் தட்டினான். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு, "அந்த இடத்தை அடைய முடியவில்லை" என்றது.

"அக்கா" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டான். பதினொரு வருடப் பழக்கம். எது திறக்காவிட்டாலும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அக்கா, ஃபோல்டர் திறக்கல."

சாப்பாட்டு அறையிலிருந்து சர்வேயரும் குரல் கொடுத்தார். "பாப்பா, சேவ் ஆக மாட்டேங்குது."

நெட்வொர்க் ஜன்னலைத் திறந்து பார்த்தான் லைசென்ஸ். எப்போதும் நான்கு படம் தெரியும் இடத்தில் மூன்று தெரிந்தது. 'மேல்மாடி' என்ற பெயர் இல்லை.

அது படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அக்கா கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் கம்பிகள் வால் போலத் தொங்கின.

"என்னக்கா பண்றே? ஆபீஸ் ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு."

"அதுலதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? நல்லது. அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிக்குடு." ஹார்ட் டிஸ்க்கை அவன் மேஜையில் வைத்தாள். "ஆயிரத்து இருநூறு ஃபைல். ஒவ்வொரு வாடிக்கையாளர் பேர்லயும் இருக்கு. பேக்கரிப் படியும் முடிச்சு வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டுக் குடு. அவர் என்ன பாவம் பண்ணினார்?"

பேக்கரிக்காரர் எழுந்து நின்று, "நன்றிம்மா" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"ஒண்ணு மட்டும் இல்ல" என்றாள் அக்கா. "நம்ம வீட்டுப் படம். அது என் ரூம்ல இருந்தது. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அக்கா, எங்க போறே?"

"அதையேதான் அப்பாவும் கேட்டார்."

சர்வேயர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதுக் கருவி மேஜையில் இருந்தது. மகள் பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

டோனர்காரரின் வேன் இன்னும் வாசலிலேயே நின்றது. பெட்டியை வாங்கி, பழைய டோனர் அட்டைகளை ஒதுக்கி, நடுவில் வைத்தார். துணிப்பெட்டி, கண்ணாடி மேஜை, எல்லாம் ஏறின. ஏறி உட்கார்ந்ததும் அக்கா போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. நமக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"நான்தான். போன தடவை ஒரு ரூம் சொன்னீங்களே, அதுல ஜன்னல் வடக்கே பார்த்து இருக்கா?"

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியது.

"அப்ப சரி. வரேன்."

யாரிடம் பேசினாள், எந்த அறை, யார் வீட்டு அறை என்று டோனர்காரருக்குத் தெரியும். அவர்தான் கொண்டுபோய் இறக்கினார். எதைக் கேட்டாலும் கொட்டித் தீர்க்கிற மனிதர், இதை மட்டும் கேட்டால் டோனர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். வெளியூர் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள் என்கிறது தெருவின் மேல்பாதி. இல்லை, மறுத்த இரண்டு வரன்களில் இரண்டாவது ஆள் இன்னும் காத்திருந்தார், கல்யாணமே முடிந்துவிட்டது என்கிறது கீழ்ப்பாதி. அவள் அப்பாவுக்கு எதுவும் எழுதவில்லை.

சர்வேயர் வரைபடத்தைத் திரும்பவும் போட்டார், இந்த முறை பென்சிலால். அறையை இடித்தார்கள். பதினேழு படி ஏறியது. மடக்குக் கட்டில் வாங்கவே இல்லை. ஒன்பதாவது படியில் முதலில் இடித்துக்கொண்டவள் டீச்சர், நெற்றியில் ஒரு வாரம் வீக்கம். அதன் பிறகு அந்த இடத்தில் எல்லோரும் குனியக் கற்றுக்கொண்டார்கள். சர்வேயரின் திரையில் அந்த மஞ்சள் படம் அப்படியே இருக்கிறது. அழித்துவிடட்டுமா என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், அது என்னுடையது என்கிறார். தினமும் காலையில் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்.

அடுத்த வருடம் லைசென்ஸும் டீச்சரும் பிள்ளைகளோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். பீரோ, கட்டில்கள், விடைத்தாள் மூட்டை எல்லாம் அந்தப் புதுப் படி வழியாகவே இறங்கின. சர்வேயர் கீழே தொட்டிகளுக்கு நடுவில் நின்று, சாமான் தூக்கி வருகிற ஒவ்வொருவரிடமும், "ஒன்பதாவது படி, தலை, தலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.